இலங்கைக் கோப்பி மரம் இங்கிலாந்து மேசைக்குக் காலானது தெரியுமா? மாடிப்படிக்கு வரும் பழைய பலகையின் அதிசயங்கள்!

இலங்கைக் கோப்பியைக் கொன்ற நோய் இந்த நாட்டில் முதன்முதலாகக் கண்ணில் பட்ட இடம் எது தெரியுமா? நம்முடைய மடுல்சீமை! 1869ஆம் ஆண்டு இங்குள்ள தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருந்தது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெயிட்ஸ் அந்த இலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சண நிபுணர் பேர்க்லி அதே ஆண்டில் அதற்கு 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் மலைநாட்டுக் கோப்பி ஏறக்குறைய அழிந்தே போனது. இவ்வளவும் பலருக்குத் தெரிந்த கதை. செத்த மரங்கள் என்னவாயின என்பதுதான் அதிசயம்! பட்டுப்போன கோப்பித் தண்டுகளை வெட்டி, பட்டை உரித்து, கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவை தேநீர் மேசைகளுக்குக் கால்களாகின! கோப்பி போன மலையில் தேயிலை தழைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே, கோப்பி மரம் தேநீர்க் கோப்பைகளைத் தாங்கி நின்றது.

மரம் ஒரு தடவை வாழ்ந்து முடிந்த பிறகு இன்னொரு தடவை வாழும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டாம் வாழ்க்கையை உங்கள் வீட்டு மாடிப்படியிலேயே பார்க்கலாம். படியில் ஒட்டிக் கிடக்கும் பழைய காபட்டை உரித்து எறிந்துவிட்டு, இடித்த வீட்டின் கதவு நிலையிலும் தளபாடப் பட்டறையின் மூலையிலும் மிஞ்சிய வைரப் பலகைத் துண்டுகளைப் பதித்துப் பாருங்கள். ஊவா மலைக் காற்றுக்கும் பனிக்கும் இதைவிடப் பொருத்தமான படி வேறில்லை என்று அடித்துச் சொல்வேன். ஏன் என்று கேட்கிறீர்களா?

முதலில் அந்தக் காபட்டுக்குள் யார் குடியிருக்கிறார்கள் தெரியுமா? தூசிப் பேன்! ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்குதான் அதன் நீளம். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீரை அது வாயால் குடிப்பதேயில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்கிறது! காற்றின் ஈரப்பதம் பாதிக்குக் கீழே இறங்கி அப்படியே நின்றால் அது காய்ந்து செத்துப்போகும். மடுல்சீமையில் விடிந்து வெகுநேரமாகியும் பனி மூட்டம் விலகாத மாதங்கள் உண்டு. அந்த ஈரத்தில் காபட்டுக்குள் அதன் வம்சம் பெருகாமல் என்ன செய்யும்? வீட்டில் இழுப்புக்காரர் ஒருவர் இருந்தால் இந்த ஒரு காரணமே போதும், காபட்டை வாசலுக்கு வெளியே போட.

மரப்படி எவ்வளவு பழைய சங்கதி தெரியுமா? ஒஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கத்தில் 2003ஆம் ஆண்டளவில் ஒரு மரப்படிக்கட்டைக் கண்டுபிடித்தார்கள். மர வளையங்களை எண்ணிப் பார்த்தபோது, அந்த மரங்கள் வெட்டப்பட்டது கிறிஸ்துவுக்கு முன் 1344, 1343ஆம் ஆண்டுகளில் என்று தெரிந்தது! மூவாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் உப்பு அதை உளுக்க விடாமல் காத்திருக்கிறது. அதிலும் பெரிய அதிசயம், மிதிக்கும் பலகைகளைத் தேவைக்கேற்பச் சாய்த்துப் பொருத்தலாம். சுரங்கத்தின் சரிவு மாறினாலும் படி மட்டமாகவே நிற்கும். கழற்றலாம், வேறிடத்தில் மாட்டலாம். பலகையை மறுபடி பயன்படுத்தும் யோசனை வெண்கலக் காலத்திலேயே மனிதனுக்கு வந்துவிட்டது!

அவ்வளவு தூரம் போவானேன், அப்புத்தளைக்குப் போனால் போதும். அடிசம் பங்களாவைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அதன் மாடிப்படியைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்? சேர் தோமஸ் லெஸ்டர் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய கல் மாளிகை அது. இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். கதவு, ஜன்னல், தரை, சுவர்ப் பலகை, படிக்கட்டு எல்லாமே பர்மாத் தேக்கு. கூரைக்கும் தேக்குச் சில்லுகளைத்தான் ஓடுபோல அடுக்கினார்கள்! அந்தத் தேக்கை எப்படி வெட்டினார்கள் தெரியுமா? பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும். அதனால் நின்ற மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் வெள்ளைப் பகுதியையும் செதுக்கிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்ற நிலையிலேயே காயவிட்டார்கள். காய்ந்த பிறகு வெட்டி, யானை இழுத்து, ஆற்றில் மிதக்கவிட்டு ரங்கூனுக்குக் கொண்டுவந்தார்கள். அப்படி ஆற அமரக் காய்ந்த மரத்தை இன்று புதிதாக வாங்கப் போனால் விலையைக் கேட்டே தலை சுற்றும். ஆனால் பழைய வீடு ஒன்று இடிபடும்போது அதே தரத்துத் தேக்குத் துண்டு துண்டாக வெளியே வருகிறது. விறகுக்குப் போவதற்குள் ஓடிப்போய் எடுத்துவிட வேண்டும்!

தேக்கில்தான் 1817இல் பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு போர்க்கப்பல் கட்டினார்கள். நெப்போலியனுடன் நடந்த போர்களில் இங்கிலாந்தின் ஓக் மரம் தட்டுப்பாடாகிப் போனதால் இந்தியத் தேக்கைத் தேடி வந்தார்கள். கப்பலுக்கு வைத்த பெயர் தெரியுமா? 'திருகோணமலை'! எச்.எம்.எஸ். டிரிங்கோமலி இன்றும் இங்கிலாந்தின் ஹாட்லிபூலில் மிதந்துகொண்டிருக்கிறது. எல்லாக் கப்பலுக்கும் அந்த ஆயுள் வாய்க்கவில்லை. இம்ப்ரெக்னபிள், ஹிந்துஸ்தான் என்ற இரண்டு போர்க்கப்பல்களை உடைத்து, அந்த மரத்தில் லண்டனில் லிபேர்ட்டி என்ற கடையைக் கட்டினார்கள். கப்பல் தளப் பலகைகள் கடையின் தரையாகின! கட்டி முடித்த ஆண்டு 1924. பதுளைக்கு முதல் ரயில் வந்ததும் அதே 1924இல்தான். கடலில் கிடந்த பலகைமேல் நின்று சீமாட்டிகள் பட்டுத்துணி வாங்கியபோது, நம் மலையிலிருந்து தேயிலை ரயிலில் இறங்கிக்கொண்டிருந்தது.

இனி நம் காற்றுக்கு வருவோம். ஊவாத் தேயிலைக்கு உலகம் எங்கும் தனி மதிப்பு ஏன் தெரியுமா? ஆடி முதல் புரட்டாசி வரை மலையைத் தாண்டி இறங்கும் வறண்ட கச்சான் காற்று! தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் வெறும் வறட்சியாக வந்து வீசுகிறது. தாகத்தில் வாடும் கொழுந்துக்குள் வாசனைப் பொருட்கள் பெருகுகின்றன. அவற்றுள் ஒன்று மெதைல் சலிசிலேற். தசைவலித் தைலத்தைத் திறந்தால் குப்பென்று வருமே, அதே வாசனை! ஊவாத் தேநீரை வாயில் வைத்ததும் தொண்டையில் ஒரு குளிர்ச்சி ஏறுவது அதனால்தான்.

அதே காற்று உங்கள் வீட்டுப் பலகையையும் விடாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் மரம் ஈரத்தைக் குடித்து அகலும். கச்சான் வீசும்போது சுருங்கும். எவ்வளவு தெரியுமா? பலகையின் ஈரப்பதம் ஐந்து சதவீதம் மாறினால், பத்து அங்குல அகலத் தேக்குப் பலகை ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் நகரும்! தேக்கு மிகக் குறைவாக நகரும் மரங்களில் ஒன்று. மற்றவை இதைவிட ஆடும். ஆனால் நீளவாக்கில் மரம் கிட்டத்தட்ட அசைவதேயில்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் படி வேலையில் பாதி புரிந்த மாதிரி. பலகையின் நீளம் படியின் இடவலமாகப் போகட்டும். அகலவாக்கில் முன்னும் பின்னும் அது மூச்சுவிடட்டும். பின்பக்கம், நிமிர்ந்து நிற்கும் முகப்பலகைக்கு அடியில் ஒரு நூலிழை இடைவெளி விட்டால் எந்தக் கச்சானும் உங்கள் படியை வெடிக்க வைக்காது.

பழைய பலகையின் பெருமை இங்கேதான். அது ஏற்கெனவே எத்தனையோ கச்சானையும் எத்தனையோ பருவமழையையும் பார்த்துவிட்டது. கோணுகிற பலகை கோணி முடிந்துவிட்டது, வெடிக்கிற பலகை வெடித்து முடிந்துவிட்டது. நேராக நிற்கிற துண்டு இனியும் நேராக நிற்கத்தான் அதிக வாய்ப்பு. மரக்காலையில் புதுப்பலகை வாங்கினால் இந்த உத்தரவாதத்தை யார் தருவார்? ஆனாலும் வாங்கி வந்த கையோடு அடித்துவிடாதீர்கள். படி இருக்கும் அதே வீட்டுக்குள், இடையிடையே ரீப்பை வைத்துக் காற்றோட அடுக்கி, இரண்டு மூன்று வாரமாவது விடுங்கள். வெளியே லொறிக்கொட்டிலில் கிடந்த பலகைக்கு வீட்டுக்குள்ளிருக்கும் காற்றுப் பழக வேண்டும்.

தேயிலை ஸ்டோரின் மேல்மாடிகளுக்கு ஏன் அத்தனை ஜன்னல் என்று யோசித்ததுண்டா? பச்சைக் கொழுந்தை அங்கேதான் தட்டுத் தட்டாகப் பரப்பி, பன்னிரண்டு, பதினெட்டு மணி நேரம் வாடவிட்டார்கள். காற்றைக் கட்டி ஆள்வதற்கென்றே எழுப்பிய கட்டடம் அது! பெரிய தொட்டிகளில் மின்விசிறி வைத்து வாட்டும் முறை வந்ததும் அந்த மாடிகள் வெறிச்சோடிப் போயின. நுவரெலியாவுக்கு அப்பால் கண்டப்பளையில் மூடிக் கிடந்த ஹெதர்செட் ஸ்டோரை எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் 1996இல் ஹோட்டலாகத் திறந்தது. கொழுந்து வாடிய மாடிகளில் இன்று விருந்தாளிகள் தூங்குகிறார்கள்! இடிக்காமல் இன்னொரு உயிர் கொடுத்த அந்த யோசனைக்குத் தலைவணங்கலாம். இப்படிப்பட்ட கட்டடங்கள் எங்காவது பழுதுபார்க்கப்படும்போது கழற்றிப்போடும் பலகை கிடைத்தால், அது ஒரு வாழ்நாள் முழுக்கக் காற்றில் காய்ந்த பலகை என்று நினைத்து வாங்குங்கள்.

வீட்டையே கழற்றி எடுத்துப் போன கதையும் இந்த நாட்டில் உண்டு! கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டை, அந்தக் காணி கைமாறியபோது கல் கல்லாக, கதவு கதவாக எண் போட்டுப் பிரித்து, பெந்தோட்டைக்குப் பக்கத்திலுள்ள லுணுகங்கையில் திரும்பக் கட்டி எழுப்பினார்கள். பாவாவின் சொந்தக் கொழும்பு வீட்டுத் தூண்களைப் பார்த்திருக்கிறீர்களா? செட்டிநாட்டிலிருந்து வந்தவை!

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தேயிலைப் பெட்டியைத் தெரியாமல் இருக்காது. ஒட்டுப்பலகைப் பெட்டி, விளிம்பில் தகரப்பட்டி, உள்ளே ஈயத்தாள். காகிதச் சாக்குகள் வருமுன் தேயிலை அதில்தான் கப்பலேறியது. உடைந்த பெட்டிகளின் பலகைகள் லயத்துக் காம்பிராவில் அலுமாரியாகவும், சாமித் தட்டாகவும், பிள்ளைகள் படிக்கும் மேசையாகவும் மாறின. அந்தப் பலகையின் உறவுக்காரன் அந்தாட்டிக்காவுக்கே போயிருக்கிறான் தெரியுமா? எஸ்தோனியாவின் தாலின் நகரில் லூதர் தொழிற்சாலை செய்த ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகையை, வெனெஸ்டா என்ற பிரிட்டிஷ் நிறுவனம் தேயிலைப் பெட்டிக்கு விற்றது. 1907இல் எர்னஸ்ட் ஷாக்கில்டன் அந்தாட்டிக்காவுக்குக் கிளம்பியபோது சாமான்களை அதே வெனெஸ்டாப் பெட்டிகளில் கட்டி எடுத்துப் போனார். காலியான பெட்டிகள் அங்கே அவர்களுடைய குடிலுக்குத் தளபாடமாகின. அது மட்டுமா! 1908இல் அந்தப் பனிக்கட்டிக் குளிரில் ஒரு அச்சு இயந்திரத்தை வைத்து 'ஒரோரா ஒஸ்ட்ராலிஸ்' என்ற புத்தகத்தை அச்சடித்தார்கள். அந்தாட்டிக்காவில் அச்சாகிக் கட்டிய முதல் புத்தகம் அது. அதன் அட்டைகள் பெட்டிப் பலகையே! சில பிரதிகளின் அட்டையில் 'வெண்ணெய்' என்றோ இறைச்சி வகை ஒன்றின் பெயராகவோ முத்திரை அடித்த எழுத்து இன்றும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கு அந்தப் பிரதி ஒன்று ஏலத்துக்கு வந்தால் சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள்.

இந்தக் கதையில் நெஞ்சு கனக்கிற பக்கமும் ஒன்று உண்டு. நம் நாட்டில் கிந்தோட்டைத் தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டிக்கு ஒட்டுப்பலகை செய்தார்கள். பிறகு கொஸ்கமவில் இன்னும் பெரிய ஆலை. அதற்கு மரம் கொடுக்க 1970களின் தொடக்கத்தில் எந்தக் காட்டுக்குள் இயந்திரம் இறங்கியது தெரியுமா? சிங்கராஜாவுக்குள்! மக்கள் விடாமல் எதிர்ப்புத் தெரிவித்த பிறகுதான் 1977இல் வெட்டு நின்றது. பதினோரு ஆண்டுக்குப் பிறகு, 1988இல், அதே காடு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. பலகைத் துண்டு ஒன்றைக் குப்பைக்குப் போகவிடாமல் எடுத்து வைக்கும் ஒவ்வொருவருக்கும் நான் மரியாதை கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, எந்த மரம் நல்லது? மரத்தின் வன்மையை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? 11.28 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குக் குண்டு ஒன்றை மரத்துக்குள் சரியாகப் பாதி புதையும்வரை அழுத்துகிறார்கள்; அதற்கு எவ்வளவு விசை தேவையோ அதுதான் மதிப்பெண். ஒஸ்திரியாக்காரர் ஜாங்கா 1906இல் கண்டுபிடித்த சோதனை இது. தேக்குக்குச் சுமார் ஆயிரம் பவுண்ட் விசை வேண்டும். கப்பல் அச்சின் தாங்கிகளுக்குப் பயன்பட்ட லிக்னம் வைட்டே என்ற மரத்துக்கு நாலாயிரத்துக்கும் மேல்! வீட்டுப் படிக்குத் தேக்கின் வன்மையே தாராளம். நம் பகுதியில் எனக்குப் பிடித்தது பழைய பலா. அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும் பலாவின் வைரம் வெளிச்சம் படப்பட ஆண்டுக்கணக்கில் செம்பழுப்பாகப் பழுக்கும். அதே வைரத்தின் சாயத்தில்தான் பிக்குமாரின் காவி ஆடைக்கு நிறம் ஏற்றினார்கள்! நின்ற பலாவை நினைத்தபடி வெட்டவும் முடியாது. பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் வெட்ட அனுமதி வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதனால் பழைய வீட்டுப் பலாப் பலகை இரட்டிப்பு அதிர்ஷ்டம்.

தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சரியான பக்கமாக அறுத்தால் பட்டுச்சேலையின் புட்டாவைப்போல வெள்ளிப் புள்ளிகள் பலகை முழுக்க மின்னும். பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் கொண்டுவரும். இழைக்கும்போது முழுக்கைச் சட்டை, முகக்கவசம் இல்லாமல் கிட்டே போக வேண்டாம். தேக்கு, பலாவின் அளவுக்கு அது தேய்மானம் தாங்காது. முகப்பலகைக்கு வைத்துக்கொண்டு, கால் படும் பலகைக்கு வேறு மரம் பாருங்கள்.

வீட்டுக்குள் வரவே கூடாத பழைய மரம் ஒன்று உண்டு. அது ரயில் தண்டவாளத்தின் சிலிப்பர் கட்டை! பார்க்கக் கம்பீரமாக இருக்கும், விலையும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் உளுக்காமல் இருக்கத் தாரிலிருந்து வடித்த கிரியோசோட் எண்ணெயை அதில் ஏற்றியிருப்பார்கள். அது புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. வெயில் பட்டால் பல ஆண்டு கழித்தும் கசியும். தோட்டத்து எல்லைக்கு வேலிக்காலாக நட்டால் சரி, பிள்ளைகள் வெறுங்காலோடு ஏறும் படிக்குக் கூடவே கூடாது. பழைய பெயின்ட் பூசிய பலகையிலும் கவனம் வேண்டும். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் கலந்திருக்கலாம்; காய்ந்த பெயின்டை அப்படியே தேய்த்து வீட்டுக்குள் தூளாகப் பறக்கவிடாதீர்கள். பலகையில் சின்னத் துளைகள் இருந்தால் அதைத் தட்டிப் பாருங்கள். மாவுபோல புதுத்தூள் கொட்டினால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது. பெரும்பாலும் அது வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். வெள்ளையைச் சீவி எறிந்துவிட்டு வைரத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது வேலையின் உயிர்நாடிக்கு வருகிறேன், இதைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். படிகளின்மேல் முக்கால் அங்குலப் பலகை பதிக்கிறீர்கள். எல்லாப் படியும் முக்கால் அங்குலம் உயர்ந்துவிட்டதல்லவா? ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையிலுள்ள உயரம் மாறியிருக்காது. ஆனால் முதல் படியைப் பாருங்கள்: கீழ்த்தரை அதே இடத்தில் இருக்கிறது, படி மட்டும் உயர்ந்துவிட்டது! கடைசி உயரமோ, மாடித்தரை உயராததால், அதே அளவு குறைந்துவிட்டது! கண்ணுக்குத் தெரியாத இந்த முக்கால் அங்குலம் ஆளைக் கவிழ்த்துவிடும். நம் கால் இரண்டு மூன்று படியிலேயே உயரத்தை மனப்பாடம் செய்துவிடுகிறது. பிறகு கண் பார்ப்பதில்லை. அமெரிக்கக் கட்டட விதிகள் ஒரே படிக்கட்டில் படிகளின் உயர வித்தியாசம் எட்டில் மூன்று அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. நம் முக்கால் அங்குலம் அதைப்போல இரண்டு மடங்கு! அதனால் முதலில் காபட்டையும் அதன் அடியிலுள்ள பஞ்சுமெத்தையையும் எடுத்த பிறகு உயரத்தை அளந்து எழுதுங்கள். மாடித்தரையிலும் அதே கனத்துப் பலகை போட்டால் மேல் சிக்கல் தீரும். கீழே கூடத்துத் தரைக்கும் பலகையோ ஓடோ பதிக்கும் திட்டம் இருந்தால் இரண்டையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். முடியாதென்றால் மெல்லிய பலகையைத் தேர்ந்தெடுங்கள்.

ஏறுவதற்குச் சுகமான படிக்கு ஒரு கணக்குச் சூத்திரமே இருக்கிறது தெரியுமா? 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் பிரான்சுவா புளொண்டெல் சொன்னது: உயரத்தை இரண்டால் பெருக்கி, மிதிக்கும் அகலத்தைக் கூட்டுங்கள், மனிதனின் ஓர் எட்டு நீளத்துக்குச் சமமாக வர வேண்டும். இன்று அதை 24, 25 அங்குலம் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஏழு அங்குல உயரம், பத்து பதினொரு அங்குல அகலம் என்றால் கச்சிதம். முன்விளிம்பில் பலகையைக் கொஞ்சம் வெளியே நீட்டும்போது இந்தக் கணக்கை மறக்க வேண்டாம்.

உங்கள் படி கொங்கிரீட்டா? அப்படியென்றால் இந்த எளிய சோதனை. ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் தாளை (படி ஒடுக்கமென்றால் அகலத்துக்கு ஏற்ப வெட்டியதை) வெறும் கொங்கிரீட்டின்மேல் விரித்து, நாலு பக்கமும் டேப்பால் இறுக ஒட்டுங்கள். பதினாறு மணி நேரம் கழித்துத் திறந்தால், அடியில் வியர்த்திருக்கிறதா, சீமெந்து கறுத்திருக்கிறதா? ஈரம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஈரத்துக்கு வழி செய்யாமல் பலகை ஒட்டினால் எந்தப் பசையும் நிற்காது. மலைச்சரிவைக் குடைந்து கட்டிய வீடுகளில் இதைச் செய்யாமல் வேலை தொடங்கவே கூடாது.

பதுளையில் ஒரு மரக்காலையில் வயதான பாஸ் ஒருவர் பழைய பலாத் துண்டை என் கையில் கொடுத்து, "தம்பி, ஆணி இருந்த ஓட்டையச் சுத்திப் பாருங்க" என்றார். ஓட்டையைச் சுற்றிப் பேனா மையை ஊற்றியதுபோல நீலக்கறுப்பு வளையம். "இழைச்சாலும் போகாதுங்களா பாஸ்?" என்று கேட்டேன். "போகாது, அது மரத்துக்குள்ள இறங்கிடுச்சு" என்று சிரித்தார். அந்த வளையம் உண்மையிலேயே மைதான்! மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் ஆணியின் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு உண்டாகும். பழங்காலத்து எழுத்து மையைக் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்ததும் இதே இரசாயனத்தில்தான். இழைப்புளி வைக்குமுன் பலகை முழுக்க ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், பழுதான ரேடியோவின் ஸ்பீக்கர் காந்தமே போதும். உள்ளே முறிந்து கிடக்கும் ஒரே ஓர் ஆணி இழைப்புளியின் அலகைப் பதம் பார்த்துவிடும்.

அந்த இரசாயனத்தை நீங்களே படியில் பயன்படுத்தலாம் தெரியுமா? துண்டுப் பலகைகளில் ஒன்று கறுப்பாகவும் ஒன்று வெளிறியும் இருந்தால், வெளிறியதன்மேல் நன்றாகக் கொதிக்கவைத்த கடும் சாயத்தேநீரைப் பூசிக் காயவிடுங்கள். பிறகு இரும்புக் கம்பளியை இரண்டு நாள் வினாகிரியில் ஊறவைத்து வடித்த நீரைத் தடவுங்கள். கண்முன்னே பலகை சாம்பல் பழுப்பாகக் கறுத்துக்கொண்டு போகும்! தேயிலையின் துவர்ப்பு மரத்துக்குள் இறங்கி இரும்போடு சேருகிறது. வீட்டில் டஸ்ட் தேயிலை இல்லாத தோட்டக் குடும்பம் ஏது? கட்டாயம் ஒரு கழிவுத் துண்டில் பூசிப் பார்த்த பிறகே படியில் கை வைக்க வேண்டும்; ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு விதமாகக் கறுக்கும்.

ஒடுங்கிய துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பசை போட்டு, இறுக்கிக் கட்டி, ஒரு முழுப்படி அகலத்துக்குக் கொண்டுவரலாம். விளிம்புகள் வெளிச்சம் புகாமல் பொருந்தினால் போதும், அந்தப் பசை மூட்டு மரத்தையே விடப் பலமாக நிற்கும். இரும்பு ஆணி இல்லாமல் முளையடித்தும் சேர்க்கலாம். நம் முன்னோர் அதில் எவ்வளவு தேர்ந்தவர்கள் தெரியுமா? ஹாலி-எலப் பக்கம் போகொட விகாரைக்கு அருகில், ஓட்டுக்கூரை போட்ட பழைய மரப்பாலம் இன்றும் நிற்கிறது. பலா, மருது போன்ற மரங்கள், மர முளைகள். சுமார் ஐம்பதடி நீளம்! கண்டிக்கு அருகே எம்பெக்கே தேவாலயத்தில் இன்னும் பெரிய அதிசயம்: கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் வந்து கூடும் இடத்தை ஒரே ஒரு பெரிய மர முளை பிடித்துக்கொண்டு நிற்கிறது! அந்தத் தேவாலயத்தின் செதுக்குத் தூண்கள் கம்பளையில் கைவிடப்பட்ட அரச மண்டபத்திலிருந்து எடுத்துவந்தவை என்றொரு வழக்கும் உண்டு. அப்படியானால் அவையும் பழைய பலகை குடும்பமே!

படி கிறீச்சிட்டால் எரிச்சல் வரும் நமக்கு. ஜப்பானின் கியோத்தோவில் நிஜோ மாளிகையின் நடைத்தளத்தை மிதித்தால் குருவி கத்துவதுபோல் ஒலி எழும். திருடன் காலடி வைத்தால் காவலாளிக்குக் கேட்க அதை வைத்தார்கள் என்பார்கள். ஒலி எப்படி வருகிறது? பலகைக்கு அடியிலுள்ள இரும்புப் பிடியில் ஆணி உரசுவதால்! ஆகவே உங்கள் படி பேசக்கூடாதென்றால் பழைய படியின் தளர்ந்த இடங்களைப் பலகை பதிப்பதற்கு முன்னமே திருகாணி போட்டு இறுக்கிவிடுங்கள். காபட்டை எடுத்ததும் வெளித்தெரியும் ஸ்டேபிள், ஆணிப்பட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். ஒரு துளி மிச்சமிருந்தாலும் பலகை மட்டமாக உட்காராது. கீழ்ப்படியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியிலும் முகப்பலகை முதலில், மிதிக்கும் பலகை அடுத்தது என்று ஏறிப்போவது நல்லது.

பூச்சுக்கு வழுவழுப்பான கண்ணாடி வார்னிஷ் வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் ஈரக்காலோடு ஏறும் வீடுகள் நம்முடையவை. மங்கல் பூச்சு வழுக்கலைக் குறைக்கும். முதியவர்கள் இருக்கும் வீட்டில் முன்விளிம்பை ஒட்டி வழுக்காத பட்டி ஒன்றும் சேருங்கள். இரவில் படுக்க மாடிக்கு ஏற வேண்டுமே, பூச்சுக் காயும்வரை என்ன செய்வது? ஒன்றுவிட்டொரு படியாகப் பூசுங்கள்! பூசாத படிகளில் எட்டிக் கால் வைத்து ஏறி இறங்கலாம். அவை நன்றாகக் காய்ந்த பிறகு மிச்சப் படிகளைப் பூசலாம். எந்தப் படி ஈரம், எந்தப் படி காய்ந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரிய, பூசிய படிகளின் ஓரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள். மூடுபனி மாதத்தில் டின்னில் போட்டிருக்கும் நேரத்தைவிட ஒரு நாள் கூடுதலாகவே காயவிடுங்கள்.